திரை இருக்கும் இடம்

2004-ல் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், ஹெஸ்தோயா தீவு வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து நானும் என் தங்கை குன்வோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். வீடு இருவருக்கும் பொது. யார் அங்கே குளிர்காலத்தில் இருக்கிறாரோ அவர் அனுபவிப்பார். கோடையில் அந்தத் தீவில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், அதை எங்கள் பக்கத்தில் குடியிருப்பு என்று சொல்ல மாட்டார்கள். குன்வோர் அங்கே தங்கினாள், நான் பெர்கனுக்கு வந்துவிட்டேன். நவம்பர் முதல் தேதி தொடங்கி மார்ச் கடைசி வரை தங்குகிறவர் அங்கே இல்லாமல் போனால் வீடு மற்றவருக்கு.

இரண்டாவது நிபந்தனை என்னுடையது. அப்பா 1961 முதல் படகுத்துறையில் நட்ட அளவுகோலில் பார்த்து எழுதிவந்த கடல்மட்டக் குறிப்பு நிற்கக் கூடாது. மாதம் ஒரு தாள் மற்றவருக்கு வர வேண்டும், பாக்கி இருந்தால் மார்ச் கடைசிக்குள். அந்தத் தாளை வரையும் கணினி நிரலை நான்தான் எழுதினேன். பெயர் ஃப்லோ, எங்கள் மொழியில் கடல் ஏற்றம். கப்பலின் இயந்திர அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன், ஐம்பது வயதில் புத்தகத்தைப் பார்த்து நானாகவே கற்று எழுதியது. பிறகு அதை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஓஸ்லோவிலிருந்து சில பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். 2011-ல் என் பெயரை நீக்கிவிட்டு அவர்களே நடத்தத் தொடங்கினார்கள். அன்றைக்கே என் மின்னஞ்சலை மூடிவிட்டேன். என் கடைசிப் பதிப்பு தீவு வீட்டுக் கணினியில் மட்டும்தான் ஓடுகிறது.

தொலைபேசியில் நானும் குன்வோரும் பேசினால் சண்டையில் முடியும். ஆகவே தபால். அவள் கடிதங்களையும் என்னுடையவற்றின் நகல்களையும் தேதிப்படி அடுக்கியிருக்கிறேன். ஒன்றை நான் அனுப்பவில்லை. அதையும் அதன் இடத்தில் வைத்திருக்கிறேன்.

— ஹால்வார்

*

ஹெஸ்தோயா, 3 நவம்பர் 2013

அன்புள்ள ஹால்வார் அண்ணா,

பெர்கன் மழையில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வாரமாக வடமேற்குக் காற்று. பக்கத்து வீட்டு யோஸ்தைன் படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டான்.

அக்டோபர் தாள் இத்துடன் இல்லை. தேடாதே. ஃப்லோவைத் திறந்தால் சாளரம் வருகிறது, மேலே பெயரும் வருகிறது, உள்ளே எதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை. மூடித் திறந்தேன், கணினியையும் அணைத்துப் போட்டாயிற்று. அப்படியேதான். எண்கள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன, ஒரு நாள் கூடத் தப்பவில்லை.

யோஸ்தைனிடம் சொன்னேன். "உங்கண்ணன் மாதிரியே இருக்கு. உள்ள போயி கதவச் சாத்திக்கிச்சு. தானா தொறந்தாத்தான் உண்டு" என்றான்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
குன்வோர்

*

பெர்கன், 8 நவம்பர் 2013

குன்வோருக்கு,

முழங்கால் இருக்கும் இடத்தில் இருக்கிறது. நீ சுகம் என்று எழுதியதைப் படித்தேன், நல்லது.

எதுவும் தானாகக் கெடாது. பத்து வருடம் ஓடியது இன்றைக்கு ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. ஓஸ்லோப் பையன்களின் புதுப் பதிப்பை யாராவது ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் அதை முதலில் நீக்கு. அவர்களிடம் நிரல் இருக்கிறது, கடல் இல்லை.

படத்தைச் சொடுக்கித் திறந்தால் நிரல் ஊமை. தனக்கு என்ன வலி என்று சொல்ல அதற்கு இடமே கிடையாது. டெர்மினலைத் திற, கறுப்புச் சாளரம். அதில் இப்படித் தட்டு:

flo --prat

பெயருக்குப் பின்னால் இடைவெளி, இரண்டு கோடு, பிறகு அந்தச் சொல். 'பேசு' என்று சொல்வதற்காக நான் வைத்தது. இப்போது அது ஒவ்வொரு அடிக்கும் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போகும். பையன்கள் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் பயப்படுகிறார்களாம். இயந்திரத்தின் சத்தம் பயமாக இருக்கிறது என்று சொல்பவனை நான் இயந்திர அறைக்குள் விட்டதில்லை.

அடுத்து இது:

FLO_STIL=enkel flo --prat

பெயருக்கு முன்னால் ஒரு சொல், சமக்குறி, ஒரு மதிப்பு. இதைச் சூழல் மாறி என்பார்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் நிரல் அதைக் கேட்டு நடக்கும், அடுத்த தடவை மறந்துவிடும். அலங்காரம் எதுவும் இல்லாமல் திறக்கச் சொல்கிறோம். அப்போதும் வெள்ளை என்றால் குற்றம் அலங்காரத்தில் இல்லை.

இரண்டிலும் வருவதை அச்செடுத்து அனுப்பு. நீயாகச் சுருக்கி எழுதாதே. ஒரு புள்ளி விட்டாலும் எனக்கு வேண்டாம்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

ஹால்வார்

*

ஹெஸ்தோயா, 20 நவம்பர் 2013

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதம். படகு இரண்டு நாள் ஓடவில்லை. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். இன்று புதன், மீன் உருண்டை சாப்பிட்டேன். புதன் என்றால் மீன் உருண்டை என்று ஆகிவிட்டது.

புதிதாக எதையும் ஏற்றவில்லை. எதுவும் மாறவில்லை. நீ சொன்ன இரண்டையும் தட்டினேன். சாளரம் அதே வெள்ளை. கறுப்பில் வந்தது எல்லாம் அச்செடுத்து உள்ளே வைத்திருக்கிறேன், இரண்டு தாள். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை, உனக்குப் புரியும்.

யோஸ்தைன் எட்டிப் பார்த்தான். "இவ்வளவு பேசுதா? வீட்டுல ஒருத்தருக்காவது பேச்சு வந்துச்சே" என்றான். அவன் உன்னை விசாரித்தான். அவன் நாய்க்கு ஒரு கண்ணில் புரை.

கோலில் இன்று காலை 214, மாலை 93.

உன்,
குன்வோர்

*

(அனுப்பாதது)

பெர்கன், 23 நவம்பர் 2013

குன்வோருக்கு,

உன் தாளில் ஒன்பதாவது வரி:

DISPLAY=localhost:10.0

திரை எங்கே இருக்கிறது என்று நிரல் முதலில் கேட்கும், அதற்குக் கிடைத்த பதில் இது. அந்த வீட்டுக் கணினியில் இந்த வரி பத்து வருடமாக ":0" என்றுதான் இருந்தது. சுழியம் என்றால் திரை அதே கணினியில். பத்து என்றால் நிரல் ஓரிடத்தில் ஓடுகிறது, திரை வேறிடத்தில் இருக்கிறது, நடுவில் கம்பி.

இருபத்தி மூன்றாவது வரி: பகிர்ந்த நினைவகம், அனுமதி மறுக்கப்பட்டது. ஃப்லோ படத்தை வரைந்து ஒரு பொது இடத்தில் வைக்கும், திரை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் அந்த இடம் இரண்டுக்கும் பொது. இல்லையென்றால் திரைக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் வெள்ளை.

நீ ஹெஸ்தோயாவில் இல்லை. தீவின் பெயரைத் தலையில் எழுதிவிட்டு வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறாய். கோலைப் படிப்பது யோஸ்தைன். எழுதுவது நீ.

எதுவும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

இந்த நாலாவது மாடியில் ஒன்பது வருடமாக எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் குளிர்காலம் இருக்க எனக்கு ஆசை இல்லை என்றா நினைத்தாய்? கையெழுத்துப் போட்டேன், ஆகவே வாயைத் திறக்கவில்லை. அதே காகிதத்தின்படி மார்ச் கடைசி வரை நீ அங்கே இல்லையென்றால் வீடு எனக்கு.

நிரலைத் திறக்க ஒரே சொல் போதும். முன்னால் FLO_DELT=0 என்று போட்டால் பொது இடத்தைத் தொடாமல் படத்தைக் கம்பி வழியாகவே அனுப்பும். அதை எழுத மாட்டேன்.

இன்னொன்றும் செய்யலாம். "env என்று தட்டி வருவதை எல்லாம் அனுப்பு" என்று ஒரு வரி எழுதினால் நீ அனுப்பிவிடுவாய். எங்கிருந்து வந்து நுழைந்திருக்கிறாய் என்று அதில் முகவரியோடு ஒரு வரி இருக்கும். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஹால்வார்

*

பெர்கன், 14 டிசம்பர் 2013

குன்வோருக்கு,

சளிக் காய்ச்சலில் படுத்துவிட்டேன், அதனால் தாமதம். இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையாக எழுது.

தாள்களைப் படித்தேன். முடிவுக்கு வருமுன் சில விஷயங்கள் தெரிய வேண்டும். ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து எழுது.

கணினிப் பெட்டியின் பின்பக்கத்தில் கம்பி நுழையும் இடத்தில் ஒரு சின்ன விளக்கு. அது என்ன நிறம்?

பெட்டி மேல் கை வைத்தால் சூடாக இருக்கிறதா, வெதுவெதுப்பாகவா?

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜன்னலில் பார்த்தால் கோலின் சிவப்புப் பட்டை தெரிகிறதா, அல்லது யோஸ்தைன் படகு மறைக்கிறதா?

இதற்கும் வெள்ளைச் சாளரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. கோளாறு தேடும்போது எல்லாவற்றுக்கும் சம்பந்தம் உண்டு.

கிறிஸ்துமஸ் நன்றாகக் கழியட்டும்.

ஹால்வார்

*

ஹெஸ்தோயா, 2 ஜனவரி 2014

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்து. காய்ச்சலோடு தனியாக இருந்தாய் என்று படித்தபோது கஷ்டமாக இருந்தது. எலும்பு சூப்பு வைத்துக் குடித்தாயா?

விளக்கு பச்சை, நடுநடுவே மினுங்குகிறது. பெட்டி வெதுவெதுப்பு. சிவப்புப் பட்டை தெரிகிறது, ஆனால் உட்கார்ந்தபடி பார்த்தால் மேல்பாதி மட்டும்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்து வைத்திருக்கிறேன். உனக்கு அது தாள் ஆகாது என்று தெரியும், அதனால் அனுப்பவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன்னால் முடியவில்லை என்றால் சொல்லிவிடு. யோஸ்தைன் மகள் சில்யே புரோன்னேசுண்டில் நகராட்சிக் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். "அத்த, அவங்க புதுப் பதிப்புல இந்த வெள்ளப் பிரச்சினையே கெடயாது. ரெண்டு வருஷம் முன்னாடியே சரி பண்ணிட்டாங்க. நீங்க ஏன் பழசப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க?" என்கிறாள். நான் தொங்கவில்லை, என் அண்ணன்தான் தொங்குகிறான் என்றேன்.

உடம்பைக் கவனி.

குன்வோர்

*

பெர்கன், 11 ஜனவரி 2014

குன்வோருக்கு,

சூப்பு வைக்கவில்லை. காய்ச்சல் தானாகப் போனது.

அந்தப் பெண் சொல்வது சரி, அவர்கள் சரி செய்தார்கள். எதைச் சரி செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். 2011 மே மாதம் அவர்களில் ஒருவன், ஸ்தியான் என்று பெயர், பதினோரு வரி அனுப்பினான். திரை வேறிடத்தில் இருக்கிறதா என்று நிரலே பார்த்துக்கொண்டு, அப்படியென்றால் வேறு வழியில் வரையும். நான் ஏற்க முடியாது என்றேன். தொலைபேசியில் நாலு பேர் சேர்ந்து என்னிடம் பேசினார்கள்.

"ஹால்வார், வேற எடத்துலேர்ந்து நிரலத் தொறக்குறவங்களுக்கு வெறும் வெள்ளதான் தெரியுது. இது வழு, நிரல்ல உள்ள தப்பு."

"வழு இல்ல. வேற எடத்துலேர்ந்து ஏன் தொறக்கணும்?"

"அவங்க அங்க இல்லாதப்ப பதிவு போடறதுக்கு."

"அங்க இல்லாதவன் கடல்மட்டம் எழுதக் கூடாது. கோல் பக்கத்துல நின்னு பாத்தவன்தான் எழுதணும். இல்லாதவனுக்கு வெள்ளையாத்தான் தெரியணும்."

"அத நீங்க முடிவு பண்ண முடியாது."

"நான் எழுதுன நிரல். நான்தான் முடிவு பண்ணுவேன்."

அடுத்த வாரம் என் பெயர் இல்லை. பதினேழு வருட வேலை. ஒரு நன்றி வரி போட்டிருந்தார்கள், அதையும் எடுக்கச் சொன்னேன்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மூன்று மாதத் தாள் பாக்கி. மார்ச் கடைசிக்குள் வர வேண்டும் என்று காகிதத்தில் இருப்பது உனக்கு நினைவிருக்கும். அதில் வேறு என்ன இருக்கிறது என்பதும்.

வழுக்கலில் நடக்காதே.

ஹால்வார்

*

9 பிப்ரவரி 2014

அண்ணா,

நலம்தானே? நானும் பரவாயில்லை.

உன் கடிதத்தை ஒரு மாதமாக வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதுவதா என்று தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம் எழுதுகிறேன்.

1974-ல் நீ நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் கப்பலில் இருந்தாய். பிப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, பூடோ மருத்துவமனையில் ஆறு வாரம் கிடந்தார். உனக்கு எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவன் கப்பலை விட்டு இறங்கி வந்துவிடுவான், வந்தால் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்வான், நான் சாகும்வரை விட மாட்டான் என்றார். அவர் சொன்ன வார்த்தைதான்.

அம்மா தினம் இரண்டு வேளை துறைக்கு இறங்கிப் போய்க் கோலைப் படிப்பாள். சாயங்காலம் கடைக்குப் போய் அங்கிருந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்வாள். நோட்டு அப்பாவோடு கட்டிலில் இருந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு எழுதினார். நான் பார்த்தேன். ஒரு நாள் அம்மா, "இத நானே எழுதிக்கிடறேனே, எதுக்கு அங்கயும் இங்கயும்?" என்றாள். அப்பா, "எழுதலன்னா நான் அங்க இல்லன்னு ஆயிடும்" என்றார்.

நோட்டின் நகல் உன்னிடம் இருக்கிறது. நீதான் எல்லாவற்றையும் ஃப்லோவில் ஏற்றினாய். ஆறு வாரமும் அவர் கையெழுத்துதான். பார்த்துக்கொள்.

குன்வோர்

*

பெர்கன், 16 பிப்ரவரி 2014

குன்வோருக்கு,

உன் கடிதத்தின் தலையில் இந்தத் தடவை ஊர்ப் பெயர் இல்லை. மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நகலை எடுத்துப் பார்த்தேன். 11 பிப்ரவரி முதல் 26 மார்ச் வரை. எழுத்து அப்பாவுடையது, சாய்வாக இருக்கிறது. இருபது வருடம் முன்னால் இந்த எண்களை ஏற்றும்போது ஒன்று கவனித்தேன். அந்த ஆறு வாரமும் மட்டம் ஆறு சென்டிமீட்டர் உயரமாக நிற்கிறது, பிறகு பழையபடி இறங்குகிறது. கடல் அப்படி நடக்காது. பனிக்கட்டி இடித்துக் கோல் சரிந்திருக்கும், அப்பா பிறகு நிமிர்த்தியிருப்பார் என்று நானாக முடிவு செய்தேன். அந்த நாட்களில் ஆறு கழிக்க ஃப்லோவில் ஒரு வரி போட்டேன். பக்கத்தில் காரணமும் எழுதினேன்: "கோல் சரிந்திருந்த காலம்."

அப்பா மூன்று அலை பார்த்து நடுமட்டத்தை எழுதுவார். அம்மா அலை ஏறிய இடத்தைப் படித்திருப்பாள். அவ்வளவுதான் விஷயம். இருபது வருடம் அந்தக் கோலின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

டெர்மினலில் இதைத் தட்டு:

FLO_DELT=0 flo

எதற்கு என்று கேட்காதே. ஒவ்வொரு தடவையும் முன்னால் போட வேண்டும், இல்லையென்றால் மறந்துவிடும்.

மருந்து ஏதாவது சாப்பிடுகிறாய் என்றால் நேரத்துக்குச் சாப்பிடு.

ஹால்வார்

*

புரோன்னேசுண்ட், 3 மார்ச் 2014

அன்புள்ள அண்ணா,

திறந்துவிட்டது. முதலில் ஒரு நிமிடம் வெள்ளை, பிறகு மேலிருந்து கீழே மெதுவாக, திரைச்சீலை இறக்குகிற மாதிரி கோடுகள் வந்தன. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து தாளும் இத்துடன்.

சில்யே பக்கத்தில் இருந்தாள். நீ எழுதியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அத்த, இந்தச் சொல்லு திரையும் கணினியும் வேற வேற எடத்துல இருந்தாத்தான் தேவப்படும். உங்கண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். நான் நவம்பரில் அச்செடுத்த தாளின் நகலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். "முதல் தாள்லயே இருக்கு" என்றாள்.

ஆகவே எழுதிவிடுகிறேன். அக்டோபர் 24-ல் துறைப் படியில் விழுந்து இடுப்பு முறிந்தது. யோஸ்தைன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தான். அறுவை முடிந்து, நவம்பர் முதல் இங்கே, நடை பழகும் இல்லத்தில். சில்யே தன் மடிக்கணினியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய வழி செய்து கொடுத்தாள். கோலைப் படித்தது யோஸ்தைன். விளக்கின் நிறத்தையும் அவன்தான் பார்த்தான். அவனைக் குறை சொல்லாதே. "உங்கண்ணன் கேக்குற கேள்வியப் பாத்தா கோர்ட்டுல நிக்குற மாதிரி இருக்கு. பொட்டி மேல கை வச்சுப் பாத்தேன், பொட்டிக்குக் காய்ச்சல் இல்லன்னு எழுதுங்க" என்றான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா சொன்ன காரணம்தான்.

மருத்துவர் ஏப்ரல் பாதிக்குமேல்தான் அனுப்புவேன் என்கிறார். காகிதத்தில் உள்ள நாள் அதற்குள் முடிந்துவிடும். நவம்பர் முதல் தேதியும் நான் அங்கே இல்லை, மார்ச் கடைசியிலும் இருக்க மாட்டேன். வீடு உன்னுடையது. நான் வழக்காடப் போவதில்லை. ஏப்ரலில் எங்கே போவது என்று இங்கே ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால் உன் முடிவை மாதக் கடைசிக்குள் எழுது.

இரண்டு கோல் ஊன்றி நாற்பது அடி நடக்கிறேன். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

குன்வோர்

*

பெர்கன், 29 மார்ச் 2014

குன்வோருக்கு,

நாற்பது அடி போதாது. துறைவரை வீட்டிலிருந்து நூற்றுப்பத்து அடி, அதில் பதினாறு படி. அதற்கேற்ற மாதிரி பழகு. படியில் கைப்பிடி வைக்க வேண்டும், யோஸ்தைனிடம் அளவு எடுத்து அனுப்பச் சொல். குழாய் இங்கே நான் வாங்கி அனுப்புகிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன். ஐந்து மாதம். ஒரு வரி எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன். வந்திருந்தால் அப்பா சொன்னபடிதான் நடந்திருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும்.

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ அங்கே இல்லை என்பதற்கு என்னிடம் இருப்பது DISPLAY என்ற ஒரு வரி. அது சூழல் மாறி. யார் வேண்டுமானாலும் எந்த மதிப்பை வேண்டுமானாலும் அதில் போடலாம். யாரும் மாற்றக்கூடிய ஒன்றை நான் சாட்சியாக ஏற்பதில்லை, என் நிரலில்கூட ஏற்றதில்லை. மிச்ச வரிகளை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பொறுத்தவரை, வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுதுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஏப்ரலில் எங்கே போவது என்று கேட்டிருக்கிறாய். வீட்டுக்குப் போ.

உறைக்குள் ஒரு குறுவட்டு இருக்கிறது. ஃப்லோவின் புதுப் பதிப்பு, என்னுடையது. சில்யே அதை ஏற்றட்டும். இனி முன்னால் எந்தச் சொல்லும் போட வேண்டாம், திரை எங்கே இருக்கிறது என்று நிரலே பார்த்துக்கொள்ளும். ஸ்தியானுக்குப் பதினோரு வரி தேவைப்பட்டது, எனக்கு ஒன்பது. அவர்களிடம் யாரும் இதைச் சொல்ல வேண்டாம். அவர்கள் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை.

உன் ஐந்து தாள்களையும் பழையவற்றோடு ஒப்பிட்டேன். அக்டோபர் 25 முதல் மட்டம் எட்டு சென்டிமீட்டர் உயரம். யோஸ்தைனிடம் சொல், மூன்று அலை பார்த்துவிட்டுப் படிக்கட்டும். அந்த எட்டைக் கழிக்கப் புதுப் பதிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 1974 வரிக்குக் கீழேயே போட்டேன். பின்னால் படிக்கிறவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும் என்பதால் பக்கத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறேன்: "கோல் சரிந்திருந்த காலம்."

ஏப்ரல் தாளை எதிர்பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
ஹால்வார்